விஸ்லரின் வெனிஸ் தகடுகள்: பன்னிரண்டு எட்சிங்குகள் ஏன் இருபது ஆண்டுகளுக்கு மேல் முடியவில்லை?

1879 செப்டம்பரில் அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் லண்டனை விட்டு வெனிஸுக்குக் கிளம்பினார். அப்போது அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை ஒப்பந்தம். லண்டன் நியூ பாண்ட் தெருவில் இருந்த ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற கலை வணிக நிறுவனம் அவரிடம் வெனிஸ் காட்சிகளாகப் பன்னிரண்டு எட்சிங் தகடுகள், அதாவது அமிலத்தால் அரித்துப் படம் அச்சிடும் செப்புத் தகடுகள், கேட்டிருந்தது. முன்பணம் 150 பவுண்டு. அவகாசம் மூன்று மாதம், அதாவது கிறிஸ்துமஸுக்குள் அவர் திரும்பி வந்துவிட வேண்டும்.

அவர் திரும்பி வந்தது 1880 நவம்பரில். பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கையில் பன்னிரண்டுக்குப் பதிலாகச் சுமார் ஐம்பது செப்புத் தகடுகளும், நூறு அளவுக்குப் பாஸ்டல் (வண்ணக்குச்சி) ஓவியங்களும் இருந்தன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பன்னிரண்டும் டிசம்பரிலேயே கண்காட்சிக்கு வந்துவிட்டன. பன்னிரண்டு படங்களும் அடங்கிய தொகுதிகள் நூறு அச்சிடுவது, ஒரு தொகுதி 50 கினிக்கு (ஒரு கினி ஒரு பவுண்டைவிடச் சற்று அதிகம்) விற்பது என்பது திட்டம். 1903 ஜூலையில் விஸ்லர் இறந்தபோதும் அந்த நூறு தொகுதிகள் அச்சிட்டு முடிந்திருக்கவில்லை. மிச்சத்தை ஃபிரெடெரிக் கோல்டிங் என்ற தேர்ந்த அச்சுக் கலைஞர்தான் அதன்பிறகு அச்சிட்டுக் கொடுத்தார்.

இதைச் சோம்பல் என்றும் கலைஞனின் பிடிவாதம் என்றும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. தகட்டில் அவர் என்ன செய்தார், அச்சு இயந்திரத்தின் முன்னால் என்ன செய்தார் என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் தாமதத்துக்கான காரணம் வேலைக்குள்ளேயே இருப்பது தெரியும். அவரிடம் கேட்கப்பட்டது ஒரு பொருள், அவர் செய்துகொண்டிருந்தது வேறொன்று.

அவர் வெனிஸ் போகக் காரணமான வழக்கு

1877-இல் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் விஸ்லரின் ஒரு ஓவியத்தைப் பற்றிக் கடுமையாக எழுதினார். இரவு வானத்தில் வாணவேடிக்கைத் தீப்பொறிகள் உதிரும் காட்சி அது. பார்வையாளர் முகத்தில் ஒரு பானைச் சாயத்தை வீசிவிட்டு அதற்கு 200 கினி கேட்கிறார் என்பது ரஸ்கினின் குற்றச்சாட்டு. விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டு 1,000 பவுண்டு இழப்பீடு கேட்டார். 1878 நவம்பரில் விசாரணை நடந்தது. தீர்ப்பு அவர் பக்கம்தான் வந்தது, ஆனால் இழப்பீடு ஒரு ஃபார்திங். ஒரு பென்னியில் கால் பங்கு. வழக்குச் செலவில் தன் பங்கை அவரே கட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே இருந்த கடனோடு இதுவும் சேர, 1879 மே மாதம் அவர் திவாலானார். டைட் தெருவில் ஆசையாகக் கட்டிய வீடு கைமாறியது.

இந்த வழக்கில் நம் விஷயத்துக்கு வேண்டியது ஒரு குறுக்கு விசாரணைக் கேள்விதான். இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். ஒரு வாழ்நாளில் சேர்த்த அறிவுக்காகக் கேட்கிறேன் என்று விஸ்லர் பதில் சொன்னார். ஒரு படைப்புக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிய வேண்டுமா என்ற இந்தக் கேள்வி வெனிஸ் தகடுகளையும் துரத்திக்கொண்டு வந்தது.

எட்சிங்கில் அவர் கை ஏற்கெனவே ஊறியிருந்தது. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் வேதியியலில் தோற்று 1854-இல் வெளியே அனுப்பப்பட்ட இளைஞன், அதே ஆண்டு இறுதியில் வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில் வரைபடம் பொறிக்கும் வேலைக்குச் சேர்ந்தான். சில மாதம்தான் அங்கே தாக்குப்பிடித்தான். அந்தச் சில மாதத்தில் தகடு, மெழுகு, அமிலம் எல்லாம் முறையாகக் கற்றுக்கொண்டான். கலிபோர்னியாவின் அனகாபா தீவைப் பொறித்த தகட்டில் யாரும் கேட்காமலே பறவைக் கூட்டங்களைச் சேர்த்துவிட்டான் என்பது பிரபலமான கதை. பிறகு 1858-இல் பாரிஸில் அகஸ்ட் டெலாட்ரின் அச்சகத்தில் முதல் எட்சிங் தொகுதி, அடுத்து லண்டனில் தேம்ஸ் நதிக்கரைத் தகடுகள். 1859-இல் செய்த ‘பிளாக் லயன் வார்ஃப்’ தகட்டைப் பாருங்கள். கரையோரக் கிடங்குகளின் பலகைகளும் ஓடுகளும் எழுத்துப் பலகைகளும் ஒன்றொன்றாக எண்ணலாம்போல இருக்கும். அவருடைய அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புகழ்பெற்ற எண்ணெய் ஓவியத்தில், சுவரில் சட்டமிட்டுத் தொங்குவது இந்த எட்சிங்தான்.

அதாவது நுணுக்கமாக, நிறைய வரையத் தெரிந்த கைதான் வெனிஸில் கோடுகளைக் குறைத்தது.

தகட்டில் நடந்தது

எட்சிங் முறை தெரியாதவர்களுக்காக: மெருகேற்றிய செப்புத் தகட்டில் மெல்லிய மெழுகுப் பூச்சு பூசிப் புகை பிடித்துக் கறுப்பாக்குவார்கள். ஊசியால் வரைந்தால் மெழுகு விலகிச் செம்பு தெரியும். அமிலம் பட்டதும் அந்தக் கோடுகள் மட்டும் அரித்துப் பள்ளமாகும். அதிக நேரம் அரித்தால் ஆழமான, கறுத்த கோடு. மெழுகை நீக்கி, தகடு முழுக்க மை தடவி, மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். ஈரத் தாளை அதன்மேல் வைத்து உருளை அச்சில் அழுத்தி எடுத்தால் ஒரு படி வரும். மெழுகே இல்லாமல் ஊசியால் செம்பை நேராகக் கீறுவது டிரைபாயிண்ட். கீறலின் ஓரத்தில் எழும் உலோகப் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் போன்ற கோடு தரும். ஆனால் ஒவ்வொரு அழுத்தத்திலும் அந்தப் பிசிறு தேய்ந்துவிடும்.

விஸ்லர் பூச்சு போட்ட தகடுகளை எடுத்துக்கொண்டு கொண்டோலாவில் சுற்றினார், காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து நேராகத் தகட்டில் வரைந்தார். 1879-80 குளிர்காலம் வெனிஸில் வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாக இருந்தது. செம்பைப் பிடித்திருக்கும் விரல்களை நினைத்தாலே போதும், மூன்று மாதக் கெடு ஏன் முதலில் உடைந்தது என்று புரியும்.

எங்கே உட்கார்ந்தார் என்பதும் முக்கியம். வெனிஸின் கட்டடங்களைப் பற்றி 1850-களிலேயே மூன்று பெரிய பாகங்கள் எழுதி, அந்த நகரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஆங்கில வாசகர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரஸ்கின்தான். விஸ்லர் பெரும்பாலும் அந்த வழியில் போகவில்லை. சந்து, முற்றம், படித்துறை, கதவு. ‘தி டோர்வே’யில் இருப்பது பழைய மாளிகை ஒன்றின் நீர்வாசல். ஆனால் உள்ளே நாற்காலி பழுதுபார்க்கும் கடை, கூரையிலிருந்து நாற்காலிகள் தொங்குகின்றன, வாசற்படியில் ஒரு பெண் தண்ணீருக்குக் குனிகிறாள். மாளிகையின் சிற்ப வேலைப்பாடு அழகாகவே இருக்கிறது, ஆனால் கண் போய் நிற்பது உள்ளிருக்கும் இருட்டில்.

அவர் எப்படி வரைந்தார் என்பதைச் சீடராக இருந்த மார்ட்டிமர் மென்பிஸ் எழுதி வைத்திருக்கிறார். தன்னை ஈர்த்த புள்ளியில், தூரத்துப் பாலமோ அதனடியில் தெரியும் நிழலோ, அங்கே ஆரம்பிப்பார். அதை முழுமையாக வரைந்துவிட்டு அங்கிருந்து வெளிப்பக்கமாக விரிவார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் படம் முடிந்த படமாகவே இருக்கும். ஓரங்கள் வெறுமையாக விடப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். லண்டன் விமர்சகர்கள் அந்த வெறுமையைப் பார்த்துவிட்டு, அரைகுறை வேலை என்றார்கள்.

இன்னொன்று. அச்சில் படம் இடம் வலமாகத் திரும்பிவிடும் என்பதால் நகரக் காட்சி பொறிப்பவர்கள் கண்ணாடி வைத்தோ வரைபடத்தைத் திருப்பியோ வரைவது வழக்கம். விஸ்லர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. அதனால் அவருடைய வெனிஸ் முழுக்கத் திருப்பிப்போட்ட வெனிஸ். ரீவா என்ற நீர்முகக் கரை எதிர்த்திசையில் வளைகிறது. ஊரைத் தெரிந்தவர்களுக்கு இது உறுத்தும். சுற்றுலா நினைவாகப் படம் வாங்குகிற வாடிக்கையாளரை அவர் மனதில் வைத்திருக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெனிஸில் அவருக்குக் கிடைத்த பெரிய உதவி சில இளம் அமெரிக்க ஓவியர்கள். ஃபிராங்க் டுவெனெக்கின் மாணவர்களான இவர்கள் ரீவா தெலி ஸ்கியாவோனியில் காசா யான்கோவிட்ஸ் என்ற வீட்டில் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஓட்டோ பாக்கரிடம் அச்சு இயந்திரம் இருந்தது. விஸ்லரும் அந்த வீட்டுக்குக் குடிவந்தார். பாக்கர் பிற்காலத்தில் எழுதிய நினைவுகள்தான் இந்தப் பதினான்கு மாதங்களுக்கு நமக்கு இருக்கும் நல்ல சாட்சி. விஸ்லர் தகட்டை அமிலத் தொட்டியில் மூழ்கவைக்காமல், நைட்ரிக் அமிலத்தைத் தகட்டின் மேலேயே ஊற்றி, ஒரு இறகால் அதை இங்குமங்கும் நகர்த்திக்கொண்டிருப்பாராம். எந்தக் கோடு எவ்வளவு அரிக்க வேண்டும் என்பதைக் கண்பார்த்தே முடிவு செய்தார்.

‘தி ட்ராகெட்டோ’ தகட்டின் கதை இங்கே தனியாகச் சொல்ல வேண்டியது. முதல் தகட்டில் நல்ல படிகள் வந்த பிறகும் அவர் விடாமல் வேலை செய்தார், தகடு கெட்டுப்போனது. அப்படியே விட்டுவிட்டு வேறு காட்சிக்குப் போயிருக்கலாம். அவர் அதே அளவில் இன்னொரு தகட்டை எடுத்துக் கறுப்பு மெழுகு பூசச் செய்தார். கெட்ட தகட்டில் கறுப்பு மைக்குப் பதில் வெள்ளைச் சாயத்தை ஏற்றி ஒரு தாளில் அச்செடுத்து, ஈரம் காயும்முன் அந்தத் தாளைப் புதுத் தகட்டின்மேல் வைத்து மறுபடி அழுத்தினார்கள். கறுப்புப் பூச்சின்மேல் பழைய படம் வெள்ளைக் கோடுகளாக வந்து உட்கார்ந்தது. தான் விரும்பிய பழைய படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் கோடு வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து முழுத் தகட்டையும் திரும்ப வரைந்தார். கடைசியில் பன்னிரண்டில் ஒன்றாக வெளிவந்தது இந்த இரண்டாவது தகடு. ‘தி பெக்கர்ஸ்’ தகட்டிலும் மேலே மூடிய நடைவழியில் நிற்கும் உருவங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு மாற்றி மாற்றி வரைந்திருக்கிறார். கவனக்குறைவாகச் சில கோடு கீறிவிட்டு வந்தவர் என்ற அபிப்பிராயம் இந்த இரண்டு தகடுகளுக்கு முன்னால் நிற்காது.

அச்சில் நடந்தது

விஷயத்தின் மையம் இதுதான்.

‘நாக்டர்ன்’ (இரவுக் காட்சி) என்ற தகட்டை எடுத்துக்கொள்வோம். சுமார் 20 செ.மீ. உயரம், 29 செ.மீ. அகலம். தகட்டில் பொறித்திருப்பது மிகக் கொஞ்சம்: கப்பலின் பாய்மரங்கள், தூரத்துக் கட்டடங்களின் கோடு, தண்ணீரில் சில கீறல்கள். இந்தத் தகட்டைச் சுத்தமாகத் துடைத்து அச்செடுத்தால் கிடைப்பது ஒல்லியான ஒரு கோட்டுப்படம். இரவே இருக்காது. இரவு வருவது துடைக்காமல் விட்ட மையிலிருந்து. மேற்பரப்பில் மெல்லிய படலமாக மையை விட்டு, மஸ்லின் துணியாலும் உள்ளங்கையாலும் சில இடங்களில் மட்டும் எடுத்து, வானத்தையும் தண்ணீரையும் அவர் ஒவ்வொரு முறையும் தகட்டின்மேல் புதிதாக வரைந்தார். ஒரு படியில் அந்தி வெளிச்சம் இன்னும் பாக்கி இருக்கிறது. இன்னொன்றில் கப்பலும் கட்டடமும் இருட்டில் பாதி கரைந்துவிட்டன. அதே தகடு, அதே பள்ளங்கள்.

பிறகு 1886-இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில் வரும் ‘நாக்டர்ன்: பேலசஸ்’ இன்னும் துணிச்சலானது. இரு பக்கமும் மாளிகைச் சுவர், நடுவே குறுகிய கால்வாய், ஒரு பாலம், ஒரு விளக்கு. பழுப்பு மை ஏறிய படிகளில் விளக்கைச் சுற்றி மட்டும் தாள் வெளுத்துத் தெரியும்.

இந்த உத்தியை அவர் கண்டுபிடிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ரெம்பிராண்ட் மையை மேற்பரப்பில் விட்டு அச்செடுத்திருக்கிறார். பாரிஸில் டெலாட்ர் இதற்குப் பெயர்போனவர், விஸ்லர் பார்த்துக் கற்ற இடமே அந்த அச்சகம்தான். லுடோவிக் லெபிக் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஒரே நதிக்கரைத் தகட்டிலிருந்து மழை, நிலா, வெள்ளம் என 85 வேறுபாடுகள் எடுத்துக் காட்டினார். லெபிக்கின் தகடு மை இல்லாமலும் ஒரு முழுக் காட்சிதான், மை அதன்மேல் வானிலையை மாற்றுகிறது. விஸ்லரின் தகடு அப்படியில்லை. வேண்டுமென்றே பாதியில் நிறுத்தப்பட்டது அது. மீதிப் பாதி அச்சிடும் நேரத்துக்காகக் காத்திருக்கிறது. அதனால்தான் அச்சு வேலையை வேறொருவர் கையில் விட அவரால் முடியவில்லை. அவர் கண்ணில் அச்சிடுவதும் ஓவியம் தீட்டுவதுதான். நீதிமன்றத்தில் அவமானப்பட்ட அந்த இரவு ஓவியங்களை வெனிஸில் செப்புத் தகட்டில் தொடர்ந்து தீட்டினார் என்றே நான் படிக்கிறேன்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். பன்னிரண்டு தகடுகள், நூறு தொகுதிகள், மொத்தம் 1,200 படிகள். ஒவ்வொன்றையும் கையால் மை ஏற்றித் துடைக்க வேண்டும். இலேசாக அரித்த கோடுகளும் டிரைபாயிண்ட் பிசிறும் தேயும், தேய்ந்த இடத்தைத் திரும்பக் கீற வேண்டும். கீறும்போது அவருக்குப் புதிதாக ஏதாவது தோன்றும், தகடே மாறிவிடும். லண்டனில் மென்பிஸ் போன்றவர்கள் உடனிருந்து உதவினார்கள், ஆனால் துடைப்பது விஸ்லர். ஒத்த படிகள் நூறு வேண்டும் என்பது வணிகரின் நியாயமான எதிர்பார்ப்பு. முன்பணம் கொடுத்து, காத்திருந்து, பொறுமை இழந்த அந்த நிறுவனத்தின் மேல் எனக்குக் குறையில்லை. அவர்கள் வாங்க நினைத்தது அவர் செய்துகொண்டிருந்த முறையில் உற்பத்தியாகக்கூடிய பொருளே அல்ல, அவ்வளவுதான்.

தாளிலும் இதே பிடிவாதம். பழைய கணக்குப் புத்தகங்களிலும் நூல்களிலும் இருந்த வெற்றுத் தாள்களையும், மெல்லிய ஜப்பானியத் தாளையும் தேடித் தேடிச் சேர்த்தார். அச்சான பிறகு தகட்டின் விளிம்போடு ஓரத்தை முழுக்க வெட்டி, கீழே ஒரு சிறு நாக்கு மட்டும் விடுவார். அதில் அவருடைய பட்டாம்பூச்சிக் கையெழுத்தும், அச்சிட்டது தானே என்று குறிக்கும் ‘இம்ப்’ என்ற சுருக்கமும் பென்சிலில் இருக்கும். அகலமான ஓரம் உள்ள படிகளுக்கே சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுத்த காலம் அது. ஓரத்தை வெட்டுவது அவர்கள் பணம் கொடுக்கும் இடத்தை வெட்டுவது.

விமர்சனம், சந்தேகம், மஞ்சள் அறை

1880 டிசம்பர் கண்காட்சிக்கு வரவேற்பு மந்தம். ஒன்றுமே இல்லை, முடிக்கப்படவில்லை என்ற பழைய குற்றச்சாட்டு திரும்ப வந்தது. அடுத்த மாதம் காட்டிய பாஸ்டல்கள்தான் நன்றாக விற்றன.

1881-இல் ஒரு விநோதமான சம்பவம். பெயின்டர்-எட்சர்ஸ் சங்கத்தின் முதல் கண்காட்சிக்கு டுவெனெக் தன் வெனிஸ் எட்சிங்குகளை அனுப்பினார். சங்கத்தை நிறுவிய சீமோர் ஹேடனுக்கும் சகாக்களுக்கும் சந்தேகம்: இவை விஸ்லரே வேறு பெயரில் அனுப்பியவையோ? ஒப்பிட்டுப் பார்க்க ஃபைன் ஆர்ட் சொசைட்டிக்கே போனார்கள். டுவெனெக் உண்மையான ஆள், படங்களும் அவருடையவைதான். விஸ்லர் விடுவாரா, கடிதங்களைத் தொகுத்துத் துண்டுப் பிரசுரமாகவே வெளியிட்டார். இதற்குள் ஒரு குடும்பப் பகையும் உண்டு. ஹேடன் தொழிலால் அறுவை மருத்துவர், நல்ல எட்சிங் கலைஞர், விஸ்லரின் மாற்றாந்தாய் வழிச் சகோதரியின் கணவர். தேம்ஸ் காலத்தில் மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து தகடு போட்டவர்கள், 1867-இல் பாரிஸில் கைகலப்பில் பிரிந்தார்கள். இந்தச் சம்பவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, வெனிஸ் பாணி விஸ்லர் ஒருவரின் தனிமையில் மட்டும் பிறந்ததல்ல என்பது. ரீவா காட்சியை டுவெனெக் தனக்கு முன்பே தகட்டில் பொறித்ததைப் பார்த்துவிட்டுத்தான் விஸ்லரும் அதை எடுத்தார் என்று பாக்கர் எழுதுகிறார். காசா யான்கோவிட்ஸின் இளைஞர்களுக்கு இந்தக் கதையில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும்.

1883 பிப்ரவரியில் 51 எட்சிங், டிரைபாயிண்ட் படிகளோடு விஸ்லர் அதே இடத்தில் மறுபடி காட்சி வைத்தார். அறை முழுக்க வெள்ளையும் மஞ்சளும், உதவியாளர் உடைகூட மஞ்சள். படப்பட்டியலில் ஒவ்வொரு படத்தின் கீழும் விமர்சகர்கள் எழுதிய கடுஞ்சொற்களையே அச்சடித்தார். படம் கண்முன்னே, தீர்ப்பு கையில், பார்ப்பவர் முடிவு செய்துகொள்ளலாம்.

1886-இல் டௌட்ஸ்வெல் நிறுவனத்தின் வழியாக இரண்டாம் தொகுதி வந்தது. 26 எட்சிங்குகள், அவற்றில் 21 வெனிஸ் காட்சிகள். இந்த முறை முப்பது தொகுதிகள் என்றுதான் வரையறுத்தார்கள், அச்சு வேலையும் அடுத்த ஆண்டுக்குள் முடிந்தது. நூறு என்பதை முப்பதாகக் குறைத்ததும் அதே மனிதர் அதே கையால், ஏறக்குறைய அதே காலத்துத் தகடுகளைக் குறித்த காலத்தில் முடித்துக்கொடுத்தார். சோம்பல் என்ற வாதத்துக்கு எதிராக என்னிடம் இருக்கும் வலுவான சான்று இதுதான்.

அந்த இரண்டாம் தொகுதியின் ஒரு பிரதியை 1887-இல் டெட்ராய்ட்டின் ரயில் பெட்டித் தொழிலதிபர் சார்லஸ் லாங் ஃப்ரியர் வாங்கினார். விஸ்லரிடமிருந்து அவர் சேர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளுக்கு அதுதான் தொடக்கம். அவை இன்று வாஷிங்டனில் அவர் பெயரிலான காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் விஸ்லரின் எட்சிங்குகள் அனைத்தையும், 490 அளவுக்கு வரும், தகட்டை மாற்ற மாற்ற வந்த நிலைகள் வாரியாக இணையத்தில் பட்டியலிட்டிருக்கிறது. ‘நாக்டர்ன்’ தகட்டைத் தேடுகிறவர்கள் ஒரு படியோடு நிறுத்திக்கொள்ளாமல் வெவ்வேறு அருங்காட்சியகங்களின் மூன்று நான்கு படிகளையாவது பக்கம் பக்கமாகத் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். விஸ்லரே துடைத்ததையும் அவருக்குப் பின் கோல்டிங் அச்சிட்டதையும் சேர்த்துப் பார்க்கக் கிடைத்தால் இன்னும் நல்லது.